முதல் பல்பு தின்ற மிச்சம்

பிள்ளைகளுக்கான இணையக் கல்வி வளங்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருபவை பெரும்பாலும் பட்டியல்கள். பத்துத் தளங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிப் பாராட்டு, ‘இலவசம்’ என்ற சொல் தடித்த எழுத்தில். பட்டியல் போடுகிறவர் எதையும் ஒதுக்குவதில்லை. ஒதுக்கத் தெரியாதவருடைய தேர்வுக்கு என்ன மதிப்பு? ஒரு சிறுகதைத் தொகுப்பை வரிவரியாகப் பிரித்துப் போடும் நாம், ஏழு வயதுப் பிள்ளை தினமும் அரை மணி நேரம் உட்காரும் தளத்தைப் பற்றி, படம் நன்றாக இருக்கிறதா, பாட்டு இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம்.

இங்கே நான்கை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சான கியூஆர் குறியீடும் அதன் பின்னால் நிற்கும் திக்ஷா தளமும்; பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர்; கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள்; அரவிந்த் குப்தாவின் பொம்மைத் தளம். காசு கேட்கும் செயலிகளை விட்டுவிட்டேன். அவற்றில் பாடம் எங்கே முடிகிறது, விற்பனை எங்கே தொடங்குகிறது என்று பிரித்து எடைபோட எனக்குத் தெரியவில்லை.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். 52-இல் 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பிள்ளையை எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அது கவனக்குறைவால் வந்த விடை இல்லை. எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பது என்று அந்தப் பிள்ளை தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறது. அதைத் தப்பாமல் கடைப்பிடிக்கவும் செய்கிறது. இந்த வகைத் தவறுகளுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இலேயே கணினி மாதிரியாக எழுதிக் காட்டினார்கள். மாணவரின் விடைகளை வைத்து அவர் எந்தத் தப்பான விதியில் நிற்கிறார் என்று கண்டுபிடிக்க முயன்ற மாதிரி அது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் பிள்ளைகள் பார்க்கும் இணைய வினாடிவினாக்கள் 26-க்குச் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகின்றன.

ஆகவே என் முதல் கேள்வி: பிள்ளை தவறு செய்யும்போது இந்த வளம் என்ன செய்கிறது? இரண்டாவது, ஆசிரியரும் பெற்றோரும் கைவைக்க அதில் இடம் இருக்கிறதா? மூன்றாவது, அதன் தமிழ் பிள்ளைக்குத் தெரிந்த தமிழா? மூன்றுக்கும் சம எடை கொடுக்கப் போவதில்லை. முதல் கேள்வியில் தோற்றது மற்ற இரண்டிலும் ஜெயித்தாலும் என் கணக்கில் பாதிதான் தேறும்.

பாடநூலிலிருந்து தொடங்கலாம். 2018-இல் வெளிவரத் தொடங்கிய தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டிருந்த திக்ஷா தளம் அந்தக் குறியீடுகளைத் தாங்கியது. இந்த வடிவத்தின் சிறப்பு எளிதில் கண்ணில் படாது. இணையத்தில் பிள்ளைக்கு வரும் முதல் சிக்கல் தேடுவது. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது, வந்து விழும் நாற்பதில் எதைத் திறப்பது என்று பெரியவர்களே திணறும் இடம் அது. கியூஆர் அந்தத் தேடலை ஒழித்தது. பாடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலேயே வாசல். கேமரா சரியில்லாத போனுக்குக் குறியீட்டின் அடியிலேயே ஆறு எழுத்தில் ஒரு மாற்று வழி. வடிவமைத்தவர் கிராமத்து வீட்டில் இருக்கும் பழைய போனை மனதில் வைத்திருக்கிறார் என்பதற்கு அந்த ஆறு எழுத்து போதும்.

ஆனால் வாசல் திறந்து உள்ளே போனால் கிடைப்பது பெரும்பாலும் அதே பாடம், இன்னொரு குரலில். புத்தகம் திரைக்கு அனுப்புகிறது; திரை பிள்ளையைப் புத்தகத்துக்கோ நோட்டுக்கோ திருப்பி அனுப்புவதில்லை. வீடியோ முடிந்ததும் நாலு விடையில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்விகள். 26-க்கு என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருப்பதுதான் இங்கே அடிப்படைக் குறை. நிறைய வீடியோ சேர்த்தால் அது தீராது.

இதைவிடக் கூர்மையான ஒரு முரண் அதே பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற கட்டத்துக்குள் இருக்கிறது. கணக்கில் ஜியோஜிப்ரா என்ற கணிதக் கருவிக்கும், அறிவியலில் சில இடங்களில் ஃபெட்டுக்கும் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். தேர்வு அருமையானது; உலகில் கிடைப்பவற்றில் தரமானது எது என்று அறிந்தவர்கள் செய்த தேர்வு. ஆனால் இணைப்புக்குக் கீழே படி 1, படி 2, படி 3 என்று எதைச் சொடுக்க வேண்டும், எதை நகர்த்த வேண்டும் என்று எழுதி, முடிவில் திரை எப்படி இருக்க வேண்டும் என்ற படத்தையும் அச்சடித்துவிடுகிறார்கள். நோண்டிப் பார்ப்பதற்காகவே செய்த கருவியைச் சமையல் குறிப்பாக்குவது இது. ‘படித்ததும் கிழித்துவிடவும்’ என்ற கடிதத்தின் விஷயத்தை அதன் உறையிலேயே எழுதி அனுப்பியது போல. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதும் புரியாமல் இல்லை: இந்தக் கருவிகளைப் பார்த்தே இராத ஆசிரியருக்கு ஒரு கைப்பிடி வேண்டும். அந்தக் கைப்பிடியை ஆசிரியருக்கான கையேட்டில் வைத்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் அச்சிட்டிருக்கலாம்.

நான்கில் சேராவிட்டாலும், 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் பள்ளிகள் மூடியபோது ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கும் பாடம் போய்ச் சேர்ந்தது அதன் சாதனை. அது சென்றடைந்த பரப்பின் சாதனை, பயிற்றுமுறையின் சாதனை என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஃபெட் வேறு இனம். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், பரிசுப் பணத்தில் ஒரு பகுதியையும் போட்டு 2002-இல் கொலராடோவில் தொடங்கியது. திரையில் வழிமுறை எழுதிவைக்கக் கூடாது, பொருள்களின் அமைப்பே பிள்ளையை அடுத்த செயலுக்கு இழுக்க வேண்டும் என்பது அந்தக் குழு தெரிந்தே எடுத்த முடிவு. மின்சுற்றுக் கருவியைத் திறந்தால் வெற்றுத் திரை. ஓரத்தில் ஒயர், பேட்டரி, பல்பு, சுவிட்ச். இன்னும் கீழே போனால் பென்சில், நாணயம், ரூபாய் நோட்டுப் போல ஒரு டாலர் நோட்டு, ஒரு கை, ஒரு நாய்கூட உண்டு. நாயைச் சுற்றில் இணைத்துப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் அடுத்த வேலைக்குப் போகாது. கடத்தி, கடத்தாப் பொருள் என்ற பாடம் அங்கே யாரும் சொல்லாமல் நடந்து முடிகிறது.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகள் மின்னியல் பாடத்தில் தொடரிணைப்பு வரைந்துகொண்டிருந்தாள். “ரெண்டு பல்புல எது நல்லா எரியும்?” என்றேன். யோசிக்கவே இல்லை. “முதல் பல்பு, மாமா. அது தின்னுட்டு மிச்சம்தானே அடுத்ததுக்கு?” மின்னோட்டம் வழியில் செலவழிந்துபோகிறது என்ற இந்த எண்ணம் பிள்ளைகளிடம் உலகம் முழுக்க உண்டு, அவளுடைய புத்தகமோ வீடியோவோ அதைத் தொட்டிருக்கவில்லை, ஏனென்றால் அவள் விடைத்தாளில் அது வெளிப்படும்படி யாரும் கேட்டதில்லை. மடிக்கணினியில் ஃபெட்டைத் திறந்து கொடுத்தேன். இரண்டு பல்பையும் மாட்டினாள். ஒரே வெளிச்சம். நம்பவில்லை. பேட்டரியைத் திருப்பிப் போட்டு, ‘முதல்’ பல்பை மாற்றிப் பார்த்தாள். ஒரே வெளிச்சம். ஒயரை மட்டும் நீட்டிப் பேட்டரியின் இரு முனையையும் சேர்த்தபோது பேட்டரி பற்றி எரிந்தது. அதில் ஐந்து நிமிடம் சந்தோஷமாகப் போயிற்று. அப்புறம்தான் எலக்ட்ரான்களைக் கவனித்தாள். நீல உருண்டைகள் பல்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. “அப்போ தின்னுறது எதை?” என்றாள். ஆற்றல் என்ற சொல் தேவைப்படும் இடத்துக்கு அவள் தானாகவே வந்துவிட்டாள். நான் அதற்குமேல் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

முதல் கேள்வியில் ஃபெட் பெறும் மதிப்பெண் இதுதான்: பிள்ளையின் தவறான கோட்பாட்டை அது திருத்துவதில்லை, அதைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுக்கிறது. சிவப்புக் குறி கிடையாது. பேட்டரி எரியும், அவ்வளவுதான். ஆசிரியர் செய்த செயல்தாள்களை அந்தத் தளத்திலேயே மற்ற ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். சிமுலேஷனை இறக்கி இணையம் இல்லாத வகுப்பறையில் ஓட்டலாம். இரண்டாம் கேள்வியிலும் தேறிவிடுகிறது.

குறைகள் இரண்டு. ஒன்று, அதன் உலகம் மிகவும் ஒழுங்கானது. ஒயர் எப்போதும் சரியாகக் கவ்வுகிறது, பல்பு ஃபியூஸ் போவதில்லை, பேட்டரி தீர்வதில்லை. சோதனைச்சாலையில் நேரத்தில் பாதியை விழுங்கும் தளர்ந்த இணைப்பு அங்கே பாடமாவதே இல்லை. இரண்டாவது, மொழி. தமிழாக்கம் தன்னார்வலர்கள் செய்வது. அவர்கள் உழைப்புக்குக் கைகூப்பலாம். ஆனால் ‘தமிழ்’ என்று ஒரே பொத்தான் இருப்பதுதான் சிக்கல். மதுரைப் பிள்ளை படிப்பது எலக்ட்ரான், யாழ்ப்பாணப் பிள்ளை படிப்பது இலத்திரன். இங்கே ஆக்சிஜன், ஹைட்ரஜன். அங்கே ஒட்சிசன், ஐதரசன். இங்கே பக்க இணைப்பு, அங்கே சமாந்தரம். இரண்டும் நல்ல தமிழ், இரண்டுக்கும் பாடநூல் மரபு உண்டு. ஒரே பதிப்பில் எதைப் போட்டாலும் கடலின் ஏதோ ஒரு கரையில் ஒரு பிள்ளைக்கு அது அந்நிய மொழி. ஆங்கிலத்துக்கும் போர்த்துகீசியத்துக்கும் நாட்டுக்கொரு பதிப்பு கேட்பதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் உலகில், தமிழுக்கு இரண்டு பதிப்பு கேட்க நாம்தான் கூச்சப்படுகிறோம்.

ஸ்டோரிவீவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த நான்கில் பெற்றோரை உண்மையாகவே நினைத்துச் செய்தது அது ஒன்றுதான். இணையத்தில் வேறு பல தளங்களில் ‘பெற்றோருக்கு’ என்ற பகுதியைத் திறந்தால் பிள்ளை எத்தனை நிமிடம் பார்த்தது, எத்தனை விழுக்காடு முடித்தது என்ற பட்டை இருக்கும். மேற்பார்வையாளர் வேலை. கதைப் புத்தகம் பெற்றோருக்கு வேறு வேலை கொடுக்கிறது: பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது. கணக்குத் தெரியாத அப்பாவும் அதைச் செய்யலாம். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் காணொளிகள் இருக்கின்றன.

2004-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 செப்டம்பரில் இந்தத் தளத்தைத் திறந்தபோது எடுத்த முடிவு பதிப்புலகில் துணிச்சலானது. தன் புத்தகங்களை யாரும் இறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்ற உரிமத்தில் கொடுத்தது. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொன்னால் போதும். இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் அங்கே கதை இருக்கிறது. ஒரு மலைக்கிராமப் பள்ளி ஆசிரியை ஒரு கதையை எடுத்து, அதிலுள்ள கடற்கரைச் சொற்களை மாற்றி, தன் வகுப்புக்கு அச்சிட்டுக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என் இரண்டாவது கேள்விக்கு இதைவிட முழுமையான விடையை நான் பார்த்ததில்லை.

இனி மறுபக்கம். கதைகள் நான்கு நிலையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எளிய சொல், திரும்பத் திரும்ப வரும் சொல் என்ற குறிப்புகளோடு, சொல் எண்ணிக்கையும் ஒரு வரம்பு: முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலை 600-க்குள் என்று போகிறது. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு பொருந்தும். தமிழுக்கு? ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது கணினிக்கு ஒரு சொல். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு 18 எழுத்து. ‘அவன் மாடு ஓட்டினான்’ மூன்று சொல். ஒரு மூச்சில் போய்விடும். சொல்லை எண்ணினால் கடினமானது எளிதாகவும், எளிதானது கடினமாகவும் தெரியும். இதோடு ஒகர ஓகார வரிசையையும் சேருங்கள். ‘கொ’வில் மெய்க்கு இரு பக்கமும் குறி, புதிதாக வாசிப்பவர் கொம்பைப் பார்த்ததும் ‘கெ’ என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் திகைத்து நிற்பதைத் தொடக்கப்பள்ளியில் தினமும் பார்க்கலாம். அப்புறம் பேச்சுத் தமிழ். வீட்டில் ‘வந்துட்டாங்க’ என்று சொல்லும் பிள்ளைக்கு ‘வந்துவிட்டார்கள்’ என்பதே முதல் வாசிப்பில் ஒரு மொழிபெயர்ப்பு. தமிழ்க் கதைக்கு நிலை வகுக்க வேண்டுமானால் ஒரு சொல்லில் எத்தனை எழுத்து, எத்தனை விகுதி, எவ்வளவு புணர்ச்சி, பேச்சிலிருந்து எவ்வளவு தூரம் என்பவற்றை எண்ண வேண்டும். அந்த வேலை ஒரு தளத்தின் பொறுப்பு மட்டும் ஆகாது. தமிழ் மொழியியல் துறைகள் செய்துகொடுத்திருக்க வேண்டியது. பழைய பாட்டுகளுக்கு விருத்தியுரை எழுதும் பேராசிரியர்களில் நாலு பேர் இரண்டாம் வகுப்பில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும்.

மொழிபெயர்ப்பின் தரம் ஏற்ற இறக்கமாக இருப்பது திறந்த உரிமத்துக்கு நாம் கொடுக்கும் விலை. நல்ல மொழிபெயர்ப்பாளர் கை பட்ட கதைகள் தமிழிலேயே பிறந்தவை போல இருக்கின்றன. வேறு சிலவற்றில் ‘அவளுக்கு ஒரு சிவப்புப் பந்து இருந்தது’ என்ற ரகத்து வாக்கியம் எதிர்ப்படும். நம் பிள்ளை பேசுவது ‘அவளிடம் ஒரு சிவப்புப் பந்து இருந்தது’. ஒரே ஒரு வேற்றுமை உருபு. ஆனால் முதல் புத்தகத்திலேயே மொழி பிசகினால், வாசிப்பது என்பது தான் பேசுவதற்குத் தொடர்பில்லாத ஏதோ ஒன்று என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். இந்தக் குறையின் மருந்தும் தளத்துக்குள்ளேயே இருக்கிறது: திருத்திப் புதுப் பதிப்பு போடத் தடை இல்லை. முதல் கேள்வி கதைப் புத்தகத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வாசிக்கும்போது வரும் தவறைக் கேட்கிற காது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவருடையது. ஸ்டோரிவீவர் அந்த நாற்காலியை அவருக்கென்று விட்டுவைத்திருக்கிறது.

அரவிந்த் குப்தாவின் தளத்தைத் திறப்பவர் முதலில் முகம் சுளிப்பார். பழைய நூலக அட்டவணை போலத் தலைப்புகள். தமிழில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பொறுமை வேண்டும். வடிவமைப்பை வைத்து மதிப்பெண் போட்டால் நான்கில் கடைசி இடம். ஆனால் இதன் பின்னால் இருப்பவர் கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தின் வழியாகக் கிராமப் பள்ளிக்கு வந்த மனிதர், 2018-இல் பத்மஸ்ரீ. அந்தத் திட்டத்தில் அவர் செய்த முதல் கருவிகளில் ஒன்று தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். டியூபைச் சின்னத் துண்டாக வெட்டி, இரு முனையிலும் குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. மூன்று குச்சியில் முக்கோணம், அமுக்கினால் அசையாது. நான்கு குச்சியில் சதுரம். விரல் பட்டதும் சாய்ந்து சாய்சதுரமாகிறது. கூரைச் சட்டத்திலும் மின்கம்பக் கோபுரத்திலும் ஏன் முக்கோணமாகவே இருக்கிறது என்பது அந்தச் சாய்வில் தெரிந்துவிடுகிறது. இதைக் காட்டும் படம் ஒன்றிரண்டு நிமிடம்தான். பல மொழிகளில், தமிழிலும் உண்டு.

இங்கே முறையின் தெளிவு வியக்க வைக்கிறது. மற்ற மூன்றும் பிள்ளையைத் திரையின் முன்னால் வைத்துக்கொள்ள ஏதாவது செய்கின்றன. இவர் இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார். தவறுக்கு இடம் ஏராளம், ஏனென்றால் சாதனம் திரையில் இல்லை, கையில் இருக்கிறது. குச்சி உடையும், டியூப் கழன்றுவிடும். ஒரு குறை உண்டு, அது சின்னதல்ல: பொம்மை ஓடிவிட்டால் பிள்ளை அதோடு நின்றுவிடும் அபாயம். சுழல்கிறது, சத்தம் போடுகிறது, சரி. ஏன் என்ற கேள்வியை யாராவது பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். படம் அதைக் கேட்பதில்லை. கைவினை வகுப்பாக முடிந்துபோன எத்தனையோ ‘அறிவியல் கண்காட்சி’களை நாம் பார்த்திருக்கிறோம்.

தீர்ப்பு இதுதான். முறையில் ஃபெட் முதல் இடம். தமிழில் அது இன்னும் முழுமை பெறவில்லை. கொடையின் பெருந்தன்மையிலும், பெரியவருக்குத் தரும் இடத்திலும் ஸ்டோரிவீவரை மிஞ்ச ஆளில்லை. அதன் நிலைப்பிரிப்பைத் தமிழ்க் கதைகளுக்கு நம்ப வேண்டாம், கதையை நீங்களே ஒரு முறை உரக்க வாசித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். அரவிந்த் குப்தா ஆசிரியருக்கான ஆசிரியர். பிள்ளையிடம் நேராகக் கொடுப்பதைவிட ஆசிரியர் பார்த்து, செய்து, வகுப்புக்குக் கொண்டுபோவது மேல். பாடநூலின் கியூஆர் சரியான இடத்தில் வைத்த கதவு, உள்ளே இருக்கும் சாமான்தான் போதாது. அதில் வீடியோக்களைக் கூட்டுவதற்குப் பதில், பக்கத்துக்கு ஒரு நல்ல கேள்வி வைக்கலாம். 52-38 கணக்கில் 26 என்று வரும் விடையைப் பார்த்து, பிள்ளை எந்த விதியில் நிற்கிறது என்று தமிழில் சொல்லும் வளம் இந்த நான்கில் எதிலும் இல்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

பேட்டரி எரிந்த மறுநாள் தங்கை மகளுக்கு நிஜப் பல்பு வேண்டும் என்றாயிற்று. தெருமுனை எலக்ட்ரிக் கடையில் பழைய டார்ச் பல்பு இல்லை. “இப்போ எல்லாம் எல்இடிதான் சார்” என்று கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். ரெண்டு செல்லை டேப் போட்டு ஒட்டி, ஒயரை முறுக்கி, சின்னச் சிவப்பு எல்இடியை மாட்டினாள். எரியவில்லை. ஒயரை அழுத்திப் பார்த்தாள், செல்லை மாற்றிப் பார்த்தாள். ஃபெட்டின் பல்பு எந்தப் பக்கம் மாட்டினாலும் எரிந்திருந்தது. ஒரு பக்கமாக மட்டும் மின்சாரத்தை விடும் சாதனம் உண்டு என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து, கோபத்தில், பேட்டரியை அப்படியே தூக்கித் திருப்பிப் போட்டாள்.